ட்ராட் சன்னியில் கழற்றப்பட்ட புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாகனம் 1986 ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்த நிசான் சன்னி, பி12 வகை. எங்கள் பக்கம் ட்ராட் சன்னி என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். 1.5 லீற்றர் எஞ்சின், பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது காபரேற்றர், கை கியர். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்களுக்கு மாஸ்ரர், இலங்கையின் வடக்கே வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் வீடு. போர் முடிந்து கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்த பிறகு தெற்கில் வாங்கிக் கொண்டுவந்தவர். மகள் கிளிநொச்சியில் இருக்கிறார், அதனால் மாங்குளம் வந்து ஏ9 இல் ஏறி ஓடுவதுதான் இந்தக் காரின் வழக்கமான ஓட்டம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது, இதை விற்று வேறொன்று வாங்கலாம் என்ற யோசனைக்கே அவருக்கு இடமிருக்கவில்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் காரின் எஞ்சினைச் சுற்றி ஏன் இவ்வளவு ரப்பர்க் குழாய்கள் என்று பலர் கேட்பார்கள். ஜப்பான் 1978 இல் பெற்றோல் கார்களுக்கு, நுரையீரலுக்குக் கெடுதியான நைதரசன் ஒட்சைட்டு கிலோமீற்றருக்கு 0.25 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று மிகக் கடுமையான வரம்பு வைத்தது. காபரேற்றரை வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் ஒரு சாமானால் முடியாது. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு, எஞ்சின் வயிற்றுக்குள் கசியும் வாயுவை இழுத்து எரிக்கும் பிசிவி வால்வு, பெற்றோல் தாங்கியின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக் கனிஸ்ரர், புகைக்குழாய்க்குள் வெளிக்காற்றை விடும் வால்வு, கடைசியில் புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் என்று எல்லாம் சேர்ந்து ஒரு ஏற்பாடாக வேலை செய்கின்றன. காபரேற்றரில் பெற்றோல் வரும் ஜெற் துளையின் அளவும், நெருப்பைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் ரைமிங்கும், அதாவது நெருப்பு விழும் நேரமும், இவை எல்லாம் பூட்டியிருக்கும் என்ற கணக்கில்தான் தொழிற்சாலையில் வைக்கப்பட்டவை.

2022 இல் நடந்தது

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் கார் பெரும்பாலும் முற்றத்தில்தான் நின்றது. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபின் வாரத்துக்கு 20 லீற்றர், அதையும் அவர் அவசரத்துக்கென்று தாங்கியில் வைத்திருந்தார். களவு பயம் இருந்ததால் தாங்கியின் பழைய மூடியை எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய திறப்புப் போட்டுப் பூட்டும் மூடி ஒன்றை மாட்டினார். அந்த நேரம் நிறையப் பேர் செய்த வேலைதான் இது. பழைய மூடிக்குள் காற்றை உள்ளே விடும் ஒரு சிறு வால்வு இருந்தது, புதியதில் இல்லை. அப்போது இதனால் ஒரு பிழையும் வரவில்லை, ஏனென்றால் தாங்கி கனிஸ்ரர் வழியாகக் காற்றெடுத்துக்கொண்டிருந்தது.

நீண்ட நாள் நின்ற கார் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஸ்லோவில், அதாவது அக்சிலேற்றர் மிதிக்காத மெது ஓட்டத்தில், நிற்கவில்லை. சந்தியில் வேகம் குறைத்தால் அணைந்துவிடும், காலையில் நடுங்கும். சரி, கொண்டுபோய்க் காட்டலாம் என்று தனக்கு நெடுநாள் பழக்கமான மூத்த மெக்கானிக் ஒருவரிடம் விட்டார்.

கழற்றிய காரணம்

அந்த மெக்கானிக் அண்ணையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், அவரைக் குறை சொல்லிவிட்டுப் போனால் இந்த விஷயம் விளங்காது. அவர் தொழில் பழகியது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் தங்கம்போல இருந்த காலம் அது, ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. சாமான் வராது, இருப்பதைக் குறைத்துத்தான் ஓட வைக்க வேண்டும். அந்த எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் என்று ஒன்றும் கிடையாது. ஆக, எஞ்சினுக்குத் தேவை காற்று, எண்ணெய், நெருப்பு, மற்றதெல்லாம் மேலதிகம் என்பது அவருடைய கையில் ஊறிய பாடம். அந்தப் பாடம்தான் அந்த ஆண்டுகளில் வன்னியில் நோயாளியையும் நெல்லையும் ஏற்றி ஓடிய வாகனங்களை ஓட வைத்தது. அதை நான் மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

சன்னியைத் திறந்து பார்த்த அண்ணை, "மாஸ்ரர், இந்தக் குழாயெல்லாம் ஜப்பான்காரன்ர சட்டத்துக்குப் பூட்டினது, எங்களுக்குத் தேவையில்லை, கழட்டினால் எஞ்சின் ஃபிரீயா ஓடும்" என்றிருக்கிறார். ஈஜிஆர் வால்வைக் கழற்றித் துளைக்குத் தகடு போட்டார். உடனே ஸ்லோவில் நின்றது. நின்றவுடன் தன் எண்ணம் சரி என்று அவருக்குப் பட்டது, பிறகு கனிஸ்ரர், பிசிவி, வெளிக்காற்று வால்வு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். திறந்து கிடந்த வாய்களுக்குள் போல்டும் ரப்பரும் இறங்கின. கொன்வேர்ட்டரை வெட்டி உள்ளே இருந்த தேன்கூடு போன்ற கட்டியை இடித்து எடுத்து, வெறுங்கூட்டை வெல்ட் பண்ணிப் பூட்டினார்.

நல்ல வேளை, கழற்றியவற்றை ஒரு உரப்பையில் போட்டு மாஸ்ரரிடமே கொடுத்திருந்தார்.

எங்களிடம் வந்தபோது

2024 இல் கார் எங்கள் கராச்சுக்கு வந்ததற்கு உடனடிக் காரணம் புகைப் பரிசோதனை. வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அந்தச் சான்றிதழ் வேண்டும், கார் பெயிலாகிவிட்டது. காபனோரொட்சைட்டு 6 வீதத்துக்கு மேல், ஐதரோகாபனும் வரம்புக்கு வெளியே. ஆனால் பேசத் தொடங்கியதும் வேறு முறைப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. வீட்டுக்குள் கூடப் பெற்றோல் மணம். எஞ்சினின் மேல்மூடியைச் சுற்றி ஒயில் வடிகிறது, அது சூடான புகைக்குழாயில் பட்டு எரிந்த மணம் காருக்குள் வருகிறது. இரணைமடுக் குளக்கட்டில் நாலு பேரோடு ஏறினால் தட்டுச் சத்தம். எல்லாவற்றுக்கும் மேல், கார் வழியில் படுக்கிறது.

படுக்கும் விதம்தான் விசித்திரம். வீட்டிலிருந்து நன்றாக வரும், மாங்குளம் தாண்டி, கொக்காவில் கழிந்ததும் இழுவை குறையும், இருமும், எப்படியோ முறிகண்டி வரை தள்ளாடி வரும். முறிகண்டியில் எல்லாரும் போல அவரும் நிறுத்துவார், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, திரும்ப வந்து ஸ்ராட் பண்ணினால் கிளிநொச்சி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். வெயிலில் பெற்றோல் ஆவியாகி அடைக்கிறது என்று ஒருவர் சொல்ல பம்புக்கு ஈரத்துணி சுற்றினார்கள், பிறகு பம்பையே மாற்றினார்கள், ஃபில்ரரை மாற்றினார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

மாஸ்ரர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார், அடித்த பெற்றோல், ஓடிய தூரம், பிழை நடந்த இடம் எல்லாம் திகதி போட்டு எழுதுவார். இந்த ஆய்வில் மிகப் பெறுமதியான கருவி அந்தக் கொப்பிதான். அதைப் புரட்டிப் பார்த்ததில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. கார் விடியற்காலைப் பயணங்களிலும் படுத்திருக்கிறது, ஆகவே வெயில் காரணமாக இருக்க முடியாது. தாங்கி நிறைய அடித்த நாட்களில் இன்னும் முன்னதாகப் படுத்திருக்கிறது. நிறைந்த தாங்கியில் மேலே இருக்கும் காற்று மிகக் கொஞ்சம், அதிலிருந்து சில லீற்றர் பெற்றோலை இழுத்தவுடன் உள்ளே அமுக்கம் சடாரென்று விழும். பாதித் தாங்கியில் காற்று நிறைய இருப்பதால் மெதுவாகத்தான் விழும். கார் படுத்த நேரம் மூடியைத் திறந்தீர்களா சேர் என்று கேட்டேன். "அதை ஏன் தம்பி திறக்கிறது, பெற்றோல் இருக்கெண்டு முள் காட்டுதே" என்றார்.

முதல் முடிவு: காற்று வழி

தாங்கியை நிறைத்து, மூடியை இறுகப் பூட்டி, ஏ9 இல் ஓடிப் பார்த்தோம். இருமத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தால் நீண்ட சீறலோடு காற்று உள்ளே போனது, கார் உடனே சரியாக ஓடியது. மூடியை அரைவாசி தளர்த்திக்கொண்டு அதே தூரம் ஓடியபோது பிழை வரவில்லை. கனிஸ்ரருக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு போல்ட் இறுக்கியிருந்தது, மூடியிலும் வால்வு இல்லை. தாங்கிக்கு மூச்சு விட இருந்த இரண்டு வழியும் அடைபட்டிருந்தன. முறிகண்டியில் நிற்கும் நேரத்தில் மூடியின் ரப்பர் ஓரத்தால் மெல்ல மெல்லக் காற்றுப் போனதால்தான் கார் திரும்ப ஓடியது.

2022 இல் மாற்றிய மூடி, பின்னர் கழற்றிய கனிஸ்ரர், இரண்டும் தனித்தனியே காரை நிறுத்தியிருக்காது. இரண்டும் சேர்ந்துதான் நிறுத்தின.

போல்டைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து விட்டால் போதுமே என்று ஒருவர் கேட்கலாம். கார் ஓடும், ஆனால் வன்னி வெயிலில் முற்றத்தில் நிற்கும் காரின் தாங்கியிலிருந்து நாள் முழுக்கப் பெற்றோல் ஆவி வெளியேறும், சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்த வாய் திறந்து கிடக்கும். நெருப்புக்கு வழி செய்து கொடுக்க நான் தயாரில்லை. உரப்பையிலிருந்து கனிஸ்ரரை எடுத்துப் பார்த்தோம். அடியில் உள்ள பஞ்சு ஃபில்ரர் கிரவல் வீதியின் செம்புழுதியால் ஓரளவு அடைத்துக் கிடந்தது, பஞ்சை மாற்றி, ஊதிப் பார்த்துப் பூட்டினோம். அதே வகைக் காரிலிருந்து எடுத்த வால்வு உள்ள மூடி ஒன்றும் கிடைத்தது.

இரண்டாவது: ஒயில் கசிவு

பிசிவி வால்வு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் அடைப்பு. பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சின் வயிற்றுக்குள் கசியும், புது எஞ்சினிலும் கசியும். அதற்கு வெளியேற வழி இல்லாவிட்டால் அது காஸ்கற்றையும் சீலையும் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன், கையை அறைந்துகொண்டு வாயு வந்தது. எஞ்சின் தேய்ந்துவிட்டது, ரிங் மாற்ற வேண்டும் என்று மாஸ்ரருக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள், பெரிய செலவு. அதற்கு முன் புது பிசிவி வால்வு ஒன்று பூட்டுவோம் என்று முடிவெடுத்தோம், அது மலிவான சாமான். பூட்டியபின் ஸ்லோவில் ஓடும்போது அதே துளையின் மேல் ஒரு கடதாசித் துண்டை வைத்தால் ஒட்டிக்கொண்டு நின்றது. உள்ளிழுப்பு இருக்கிறது, வால்வு வேலை செய்கிறது. எஞ்சின் மேல்மூடியின் காஸ்கற்றை மாற்றினோம், ஒயில் வடிவது நின்றது. ரிங் வேலை தேவைப்படவில்லை.

மூன்றாவது: தட்டுச் சத்தம்

இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் ஈஜிஆர் என்றால் வெறும் அழுக்குப் பூட்டு என்று எங்கள் தொழிலில் நினைப்பவர் மிக அதிகம்.

ரைமிங் லைற் பிடித்துப் பார்த்ததில் பொனற்றின் அடியில் ஒட்டியிருந்த தாளில் சொன்னதைவிட ஏறக்குறைய 10 பாகை முன்னுக்கு இருந்தது. குழாய்களைக் கழற்றும்போது எஞ்சினின் உறிஞ்சலால் ரைமிங்கை முன்னுக்குத் தள்ள டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வக்கியூம் குழாயும் சேர்ந்து போய்விட்டது. அது இல்லாமல் சமவேகத்தில் ஓடும்போது நெருப்பு பிந்தி விழும், இழுவை இராது, பெற்றோல் குடிக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அண்ணை டிஸ்ரிபியூற்றரையே திருப்பி வைத்திருக்கிறார். வெறும் ஓட்டத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கும். பாரத்தோடு குளக்கட்டில் ஏறும்போது அந்த 10 பாகை பிஸ்ரனைச் சுத்தியலால் அடிக்கிறது.

வக்கியூம் குழாயை உரிய வாயில் பூட்டி, ரைமிங்கைத் தாளில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தோம். ஈஜிஆர் துளையின் தகட்டை வேண்டுமென்றே அப்போது எடுக்கவில்லை, ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது எதனால் என்று தெரியும். முழுப் பாரத்தில் வந்த தட்டு போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று வந்தது: ஏ9 இல் சமவேகத்தில், அக்சிலேற்றரை லேசாக மிதித்து ஓடும்போது மெல்லிய கிலுகிலுப்பு. ஈஜிஆர் இல்லாத எஞ்சினின் சத்தம் அது. அரை மிதியில் எரிந்த புகை கொஞ்சம் உள்ளே வரும், அது எரியாத வாயு, எரிதலை மெதுவாக்கி வெப்பத்தைக் குறைக்கும் என்று கணக்கு வைத்துத்தான் அந்த இடத்தில் ரைமிங்கை இவ்வளவு முன்னுக்கு விட்டிருக்கிறார்கள். புகையை நிறுத்திவிட்டு ரைமிங்கை அப்படியே விட்டால் எரிதல் முந்திக்கொள்ளும், உருளைக்குள் சூடு ஏறும், நைதரசன் ஒட்சைட்டும் கூடும்.

இன்னொன்று. ஸ்லோவிலும் முழு மிதியிலும் ஈஜிஆர் வால்வு மூடியே இருக்கும். அதைக் கழற்றினால் பவர் கூடும் என்பதற்கு இந்த எஞ்சினில் இடமே இல்லை.

அப்படியானால் கழற்றியவுடன் ஏன் ஸ்லோ சரியானது? உரப்பையில் இருந்த வால்வைப் பார்த்தவுடன் விடை கிடைத்தது. கரி கட்டிப்போய் வால்வு முழுதாக மூடாமல் நின்றது, மூடியிருக்க வேண்டிய ஸ்லோவிலும் புகை கசிந்து எஞ்சினை அணைத்திருக்கிறது. வால்வைத் திறக்கும் மேலே உள்ள டயஃபிரம் சவ்வு நல்லது, வாயால் உறிஞ்சிப் பிடித்தால் விடாமல் நின்றது. காபரேற்றர் கிளீனரும் மரக்குச்சியும் கொண்டு, டயஃபிரத்தில் கிளீனர் படாமல், கரியை எடுத்தோம். எஞ்சின் பக்கத்து வழியிலும் கரி இருந்தது. பூட்டியபின் ஸ்லோவும் நின்றது, கிலுகிலுப்பும் போனது. முதல் நாள் கார் போன கராச்சில் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் மற்ற ஒன்றும் நடந்திருக்காது.

பூட்டாமல் விட்டவை

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டவில்லை. காற்று ஃபில்ரர் பெட்டிக்குச் சூடான காற்றைத் திருப்பும் தகடு குளிர்நாட்டுக் காலைக்கானது, வன்னியில் அதற்கு வேலை இல்லை என்று அண்ணை சொன்னதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். புகைக்குழாய்க்குக் காற்று விடும் வால்வின் தகடு உடைந்திருந்தது, அந்த வாயை அடித்து நசுக்கி மூடியிருந்ததால் புகை கசிந்தது. இப்போதைக்குத் தகடும் காஸ்கற்றும் போட்டு முறையாக மூடினோம்.

கொன்வேர்ட்டர் போனது போனதுதான். இதிலும் அண்ணையை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையில் 2002 வரை ஈயம் கலந்த பெற்றோல் விற்றது, ஈயம் கொன்வேர்ட்டருக்குள் உள்ள உலோகப் பூச்சை மூடிவிடும், திரும்ப வராது. அந்த ஆண்டுகளில் இங்கே ஓடிய காரின் கொன்வேர்ட்டர் இடிக்கப்படுவதற்கு முன்பே பெரும்பாலும் செத்திருக்கும்.

என்ன நடந்தது

காபரேற்றரின் கலவையைக் கருவி வைத்துச் சரிசெய்து மறுபடி பரிசோதனைக்கு விட்டோம். காபனோரொட்சைட்டு 2 வீதத்துக்குக் கீழே வந்தது, கார் பாஸ். கொப்பியின்படி, 2021 இல் லீற்றருக்கு 12 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய கார், சாமான் கழற்றியபின் 9 க்கு இறங்கி, இப்போது மீண்டும் 12 ஐ ஒட்டி நிற்கிறது. முறிகண்டியில் அவர் இன்னும் நிறுத்துகிறார், தேங்காய்க்காக.

மாஸ்ரருக்குச் சான்றிதழோடு விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை. நிலையத்தில் பெற்றோல் காருக்குப் பார்ப்பது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும்தான், அதுவும் பாரம் இல்லாமல் நின்ற இடத்தில். நைதரசன் ஒட்சைட்டு அந்தத் தாளில் வராது. ஈஜிஆர் இல்லாமலே இந்தக் கார் பாஸ் ஆகியிருக்கும், தட்டிக்கொண்டும் சூடாகிக்கொண்டும் ஓடியிருக்கும். அந்தப் புகையைச் சுவாசிப்பது பள்ளி விடும் நேரத்தில் ஏ9 ஓரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். தாள் கேட்கவில்லை என்பதற்காக அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, நான் ஈஜிஆரைத் திரும்பப் பூட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்கானிக் அண்ணை ஒரு நாள் வந்து பார்த்தார். தாங்கி மூடிக் கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார், பிறகு பொனற்றின் அடியில் ஒட்டியிருந்த குழாய்ப் படத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். ஈஜிஆர் விஷயத்தில் அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "டீசல் வானிலயும் அடைச்சுத்தான் விடுறம், ஓடுதுதானே" என்றார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

இனி மாறுபவை

எங்கள் கராச்சில் பழைய ஜப்பான் கார் வந்தால் முதல் வேலை பொனற்றின் அடியில் உள்ள குழாய்ப் படத்தைப் போனில் எடுப்பது. எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கோடுகள் விளங்கும். பழைய காரில் தாங்கி மூடி மாற்றினால் அதில் காற்று வால்வு இருக்கிறதா என்று பார்க்காமல் பூட்டுவதில்லை. ஒரு சாமான் பிழை என்று தெரிந்தால் அதை மட்டும் கழற்றி, சுத்தம் செய்து, பரிசோதித்த பிறகே அடுத்ததில் கை வைப்பது. கழற்றியது எதுவானாலும் உரிமையாளரிடம் கொடுப்பது. அந்த உரப்பை இல்லாவிட்டால் இந்த வேலையில் பாதி நடந்திருக்காது.

கொன்வேர்ட்டர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். பொருந்தும் அளவில் புதியது கிடைத்தால் வெளிக்காற்று வால்வையும் சேர்த்துத்தான் பூட்டுவோம், ஒன்றில்லாமல் மற்றதில் பயன் குறைவு. மாஸ்ரர் செலவில் பாதியை இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறார்.